தோலும் மேனியும்: தோல் பதனிடும் தொழிலில் உடல்நலம் – கொல்கத்தாத் தீர்ப்பும் திண்டுக்கல் நாவலும்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் பாந்தலா என்னுமிடத்தில் உள்ள தோல் தொழில் வளாகத்தில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கிய தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்கும் முறை நிறுத்தப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது அவ்வாண்டு சனவரி 29ஆம் நாள். இடைப்பட்டவை நான்கு நாள்களே. இறந்தவர் தோல் பதனிடுவோர் அல்லர். தோல் ஆலைகளின் கழிவு சென்று சேரும் குழாய்களைத் தூய்மை செய்ய வந்தவர். ஆயினும் அவ்வளாகமே உச்ச நீதிமன்றத்தின் மற்றொரு தீர்ப்பினால் உருவானது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஒரு நகரத்தின் நலம் கருதி எழுந்த தீர்ப்பு அந்நகரத்தின் தொழிலாளர் உடலை எவ்வாறு கண்டது என்பதே இக்கட்டுரையின் வினா. அவ்வினாவை எழுப்புவதற்கு ஒரு தமிழ் நாவல் துணைநிற்கின்றது. திண்டுக்கல் தோல் ஆலைத் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' 2010ஆம் ஆண்டு வெளிவந்து, 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கொல்கத்தாவுக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ஒப்பீடு தகுமா எனும் ஐயம் எழலாம். 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகள் குறித்து இரு பெருந்தீர்ப்புகளை வழங்கியது. ஒன்று தமிழ்நாட்டையும் மற்றொன்று கொல்கத்தாவையும் பற்றியது. இரண்டினையும் வழங்கிய அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நீதியரசர் குல்தீப் சிங். எனவே இவ்வொப்பீட்டுக்குத் தளம் அமைத்துத் தந்தது நீதிமன்றமே எனலாம்.

நகரத்தின் மூக்கு

கொல்கத்தாவின் டாங்ரா, தில்ஜலா, தோப்சியா, பாக்லா டாங்கா ஆகிய நான்கு பகுதிகளில் ஏறத்தாழ 550 தோல் ஆலைகள் செயற்பட்டு வந்தன. டாங்ராவில் ஆலை நடத்தியவர்களுள் பெரும்பாலோர் ஹக்கா சீனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் குடியேறி, சதுப்பு நிலத்தைத் தொழிலிடமாக மாற்றியவர்கள் அவர்கள். ஆலைக்குள் தோலைச் சுமந்து, ஊறவைத்து, சுரண்டி, உலர்த்தியவர்களில் பலர் பீகாரிலிருந்து வந்த சமார் சமூகத்தினர். சாதி இந்துச் சமூகம் தீட்டென விலக்கிய ஒரு தொழில், கடல் கடந்து வந்த ஒரு சமூகத்துக்கு முதலீட்டு வாய்ப்பாகவும், உள்நாட்டில் விலக்கப்பட்ட மற்றொரு சமூகத்துக்குக் கூலி வாய்ப்பாகவும் அமைந்தது. சீனக் குடும்பங்களின் வணிக வாழ்வை ஆராய்ந்த எல்லன் ஆக்ஸ்ஃபெல்டின் நூல் 1993இல் வெளிவந்தது. பீகார்த் தொழிலாளரின் வாழ்வை அதே அளவு நெருங்கிக் கண்ட நூலொன்று இக்கட்டுரையாளரின் வாசிப்பில் எதிர்ப்படவில்லை.

வங்கத் தொழிலாளர் வரலாறு என்றவுடன் நினைவுக்கு வருவது சணல் ஆலையே. இச்சாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய சமரேஷ் பாசு, பி.டி. சாலையோரத் தொழிலாளர் குடியிருப்பைப் பொருளாகக் கொண்டு 1950களின் தொடக்கத்தில் நாவல் எழுதினார். தீபேஷ் சக்கரவர்த்தி 1989இல் வெளியிட்ட நூல் கொல்கத்தாச் சணல் ஆலைத் தொழிலாளரை ஆராய்வது. தொழிலாளர் வாழ்நிலை குறித்த அரசு ஆவணங்கள் ஏன் இத்துணை மெலிந்து காணப்படுகின்றன என்ற கேள்வியை எழுப்பி, அந்த மெலிவையே வரலாறாக வாசிக்கும் முறையை அந்நூல் முன்வைத்தது. சணல் ஆலைக்கே ஆவணம் மெலிந்தது என்றால், தோல் ஆலையின் நிலையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

கங்கைத் தூய்மை குறித்து எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கின் கிளையாக வளர்ந்த கொல்கத்தாத் தோல் ஆலை வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. நான்கு பகுதிகளிலும் உள்ள ஆலைகள் பாந்தலாவுக்கு இடம்பெயர வேண்டும். இல்லையேல் மூடப்பட வேண்டும். தொழிலாளரை இத்தீர்ப்பு மறந்துவிட்டது என்று கூறுதல் நேர்மையாகாது. இடம்பெயரும் ஆலையில் பணித்தொடர்ச்சி, மூடலுக்கும் மறுதொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தைப் பணிக்காலமாகக் கருதுதல், இடம்பெயர இசைவோருக்கு ஓராண்டு ஊதியம் எனப் பல பாதுகாப்புகள் அதில் உள்ளன. இந்தியத் தொழில் வரலாற்றில் இவை எளிதில் கிட்டியவை அல்ல.

ஆயினும் இப்பாதுகாப்புகள் அனைத்தும் ஊதியத்தைப் பற்றியவை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. தீர்ப்பில் தொழிலாளர் வேலை இழக்கக்கூடியவராகத் தோன்றுகின்றார், நோயுறக்கூடியவராகத் தோன்றவில்லை. கழிவு ஆலையின் வாயிலைக் கடந்து வாய்க்காலில் கலக்கும்போதுதான் தீங்காகின்றது. வாயிலுக்கு உள்ளே, தொட்டியிலும் தரையிலும் கையிலும் இருக்கும்வரை அது உற்பத்திப் பொருளின் ஒரு பகுதி. புதிய இடத்தில் காற்றோட்டம் எப்படி அமைய வேண்டும், குழியில் இறங்குவோருக்கு யார் பொறுப்பு, வேலையிடத்தை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்தவர் பாந்தலாவுக்கு எவ்வாறு நாள்தோறும் சென்று மீள்வர் என்பன சூழலியல் வழக்கின் எல்லைக்குள் வரவில்லை. டாங்ரா இன்று சீன உணவகங்களால் அறியப்படும் பகுதி. நகரத்தின் மூக்கு அமைதியடைந்தது.

மூக்கைப் பற்றிய ஓர் அறிவியற் செய்தியை இவ்விடத்தே குறிப்பிடுதல் பொருந்தும். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகின்றது. இச்சல்பைடு கலந்த நீர் அமிலக் கழிவுடன் சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வளி வெளிப்படும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. அளவு மிகும்போது முகரும் நரம்பு மரத்துப்போகின்றது, நாற்றம் நின்றுவிடுகின்றது. குழிக்குள் நிற்பவன் ஆபத்து நீங்கியதென எண்ணும் கணமே பேராபத்தின் கணம். நகரத்துக்கு நாற்றம் நீங்கியதும், குழிக்குள் நாற்றம் நிற்பதும் ஒன்றல்ல.

எண்ணப்பட்ட கிணறுகள்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு சூழலியற் சட்ட வரலாற்றில் தலையாயது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக அது நிலைநிறுத்தியது. பாலாறும் வடஆர்க்காடும் அதன் மையம் என்பது பலரும் அறிந்தது. அத்தீர்ப்பில் திண்டுக்கல்லும் இடம்பெறுகின்றது என்பது அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 ஊர்களில் தொண்டு நிறுவனம் ஒன்று மேற்கொண்ட ஆய்வினை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசடைந்திருந்தன என்பது அவ்வாய்வின் கண்டறிவு.

கிணறுகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டன. அக்கிணறுகளைக் கெடுத்த நீரில் நாள் முழுதும் நின்ற கால்களை எண்ணியவர் எவருமில்லை. இது நீதிமன்றத்தின் குறை மட்டுமன்று. வழக்காடியவர்கள் உழவரும் ஊராரும். அவர்களுக்கு நேர்ந்த கேடு நிலத்துக்கும் நீருக்கும் உரியது. ஆலைத் தொழிலாளரோ வழக்கின் எதிர்ப்பக்கத்தில், ஆலை மூடப்படுமோ என்ற அச்சத்துடன் நின்றனர். தன் உடலுக்குத் தீங்கு செய்யும் இடத்தைக் காக்க வேண்டிய நிலைக்குத் தொழிலாளர் தள்ளப்படுதல் இவ்வகை வழக்குகளில் மீண்டும் மீண்டும் நிகழ்வது. சூழலும் தொழிலாளர் நலமும் இருவேறு துறைகளாகப் பிரிந்து கிடப்பதன் விளைவு இது.

பெயர் தரும் பொருள்

இப்பிரிவினை நிலைபெறுவதற்கு முந்தைய காலத்தைச் சித்திரிப்பதால் செல்வராஜின் நாவல் இங்கு இன்றியமையாததாகின்றது. 1930களில் தொடங்கி விடுதலைக்குப் பிந்தைய காலம்வரை நீளும் கதை அது. தலித் தொழிலாளியான ஓசேப்பு, கடன் முன்பணத்தால் ஆலைக்குக் கட்டுண்ட குடும்பங்கள், ஆலை உரிமையாளர், தேவாலயம், பொதுவுடைமை இயக்கம், தொழிற்சங்கம் எனப் பரந்த உலகம் இதில் விரிகின்றது. ஆசிரியர் திண்டுக்கல்லில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். 'மலரும் சருகும்', 'தேநீர்' ஆகிய முன்னைய நாவல்களிலும் உழைப்போர் வாழ்வே அவருக்குப் பொருளாயிற்று.

நாவலின் தலைப்பு தனித்து நோக்கத்தக்கது. விலங்கின் பதனிட்ட தோலையும் மனிதரின் மேனித் தோலையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கின்றது. வங்கமொழியின் 'சாம்ரா' என்னும் சொல்லும் அத்தகையதே. ஆங்கிலம் இவற்றுக்கு வெவ்வேறு சொற்களை வழங்குவதால், ஆங்கிலத்தில் எழுதப்பெறும் தீர்ப்பிலும் அறிக்கையிலும் ஒன்று சரக்காகவும் மற்றொன்று உடலாகவும் எளிதில் பிரிந்துவிடுகின்றன. தமிழில் அப்பிரிவு அத்துணை எளிதன்று. சுண்ணாம்பு மாட்டுத் தோலின் மயிரை உதிர்க்கும்போதே அதைப் பிடித்திருக்கும் கையின் தோலையும் அரிக்கின்றது. ஒரே குழி, ஒரே சுண்ணாம்பு, ஒரே சொல். நாவலின் வலிமை இந்த ஒருமையில் உள்ளது. (தொல்காப்பியர் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்கும் 'தோல்' என்றே பெயர். இனிய மொழியால் சிறந்த பொருளைக் கூறுதலும் பரந்த மொழியால் அடி நிமிர்ந்து நடத்தலும் அதன் இயல்பு. ஆசிரியர் இதனைக் கருதினாரா என்பது வேறு. பரந்து செல்லும் இந்நாவலுக்கு அவ்விலக்கணத்தின் இரண்டாம் பகுதி பொருந்தவே செய்கின்றது. முதற்பகுதியின் இனிமைக்குச் சுண்ணாம்புக் குழியில் இடமில்லை.)

நாவல் காட்டும் காலம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கோலோச்சிய காலம். தென்னிந்தியத் தோல் உலகச் சந்தையில் பெயர்பெற்றதே ஆவாரம்பட்டைப் பதனீட்டால்தான். குரோமியப் பதனீடு தமிழகத்தில் பெரும்பரப்பில் வேரூன்றியது 1970களுக்குப் பின்னரே. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து பச்சைத் தோலும் அரைப்பதனீட்டுத் தோலும் ஏற்றுமதியாவது கட்டுப்படுத்தப்பட்டு, முழுமை பெற்ற தோலும் தோற்பொருளும் ஊக்குவிக்கப்பட்டன. அந்நியச் செலாவணியை நோக்கிய இம்மாற்றத்தின் விலையை ஆறுகள் கொடுத்தன என்பதை வேலூர்த் தீர்ப்பு சொல்கின்றது. தொழிலாளரின் மேனி கொடுத்த விலையைச் சொல்லும் நாவல் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

இவ்வேறுபாடு திறனாய்வுக்கு முதன்மையானது. சுண்ணாம்புப் புண் உடனே தெரிவது, எரிவது, அடுத்தவர் கண்ணில் படுவது. ஆகவே அது கதைக்கு எளிதில் அகப்படுகின்றது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தால் கைமுட்டியில் தோன்றும் ஆழ்புண்ணோ பெரும்பாலும் வலியற்றது. நாசியின் நடுச்சுவரில் அது துளையிடுவதும் மெல்ல நிகழ்வது. குரோமிய ஒவ்வாமையால் வரும் தோல் அழற்சி வேலையை விட்ட பின்னும் தொடரக்கூடும். கண்முன் நிகழாத, காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாத, பல்லாண்டு நீளும் இத்தீங்கினை எந்தக் காட்சியில் வைப்பது? யதார்த்தவாத நாவல் பழகிய காட்சி அமைப்பு இங்குத் தடுமாறும்.

நாவலின் எல்லை

'தோல்' நாவலைப் போற்றியவர்கள் அதன் போராட்ட வரலாற்றைப் போற்றினர்; குறைகூறியவர்கள் அதன் கட்சிச் சார்பைக் குறைகூறினர். இரு சாராரும் குழியைக் கடந்து சென்றனர் என்றே தோன்றுகின்றது. நாவலில் உடலுக்கு நேரும் தீங்கு இருவகைப்படும். ஒன்று உரிமையாளரின் அடி, பெண்டிர் மீதான வன்முறை, கடன் வழிப்பட்ட அடிமைநிலை என மனிதர் செய்வது. மற்றொன்று சுண்ணாம்பும் அழுகலும் ஈரமும் செய்வது. முன்னதற்குப் பகைவன் உண்டு. எனவே எதிர்ப்பும் கதைத் திருப்பமும் உண்டு. பின்னதற்கு முகமில்லை. கதை முன்னேற, இரண்டாவது வகைத் தீங்கு முதலாவதற்குச் சான்றாக மட்டுமே பயன்படுகின்றது. தொழிலாளர் எத்துணை இழிவாக நடத்தப்பட்டனர் என்பதைக் காட்ட வெந்த கை வேண்டும். சங்கம் எழுந்த பின் வெந்த கை பின்னணிக்குச் செல்கின்றது. உரிமையாளர் பணிந்த மறுநாள் காலையிலும் குழியில் அதே சுண்ணாம்புதான் இருந்திருக்கும் என்ற எண்ணம் வாசகரை உறுத்தாதவாறு கதை நிறைவெய்துகின்றது.

இதனை ஆசிரியரின் பிழை எனக் கொள்ளல் ஆகாது. கொத்தடிமையாக இருப்பவர் முதலில் கேட்பது விடுதலை; கையுறை அன்று. ஆளாக எண்ணப்படாதவரின் நோயும் நோயாக எண்ணப்படாது. அவ்வகையில் நாவலின் வரிசைமுறை வரலாற்றின் வரிசைமுறையே. ஆனால் அவ்வரிசையில் உடல்நலம் எப்போது வரும் என்பதே வினா.

இவ்விடத்தில் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் எழுதி, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் 'எரியும் பனிக்காடு' என வெளிவந்த நாவலை ஒப்புநோக்கலாம். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். கங்காணி, கடன், பாலியல் சுரண்டல் ஆகியன அங்கும் உள்ளன. எனினும் மலைக்காய்ச்சலும் கொள்ளைநோயும் அங்குச் சான்றுகள் அல்ல, கதையை நகர்த்தும் விசைகள். தகுதியற்றவர் கையில் மருத்துவம் விடப்பட்டிருந்த நிலையை ஒரு மருத்துவரின் சினத்துடன் அந்நூல் பேசுகின்றது. கலைநயத்தில் 'தோல்' மேம்பட்டது என்பேன். தொழிலிடத்தையே நோய்க்களமாகக் காணும் பார்வையில் டேனியல் முந்துகிறார். வழக்கறிஞர் உரிமை மீறலைக் காண்கிறார், மருத்துவர் நோயைக் காண்கிறார். தோல் தொழிலுக்கு இத்தகைய மருத்துவரின் நாவல் வாய்க்கவில்லை.

இத்தனைக்கும் நோயை அறிவதற்கான கருவிகள் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கண்டறிந்தவுடன் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களைப் பட்டியலிட்டது. அதில் குரோமியப் புண்ணும் இடம்பெற்றது. பச்சைத் தோலிலிருந்து பரவும் ஆந்த்ராக்ஸும் இடம்பெற்றது. 2020இல் நிறைவேற்றப்பட்ட பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இத்தகைய அட்டவணையைக் கொண்டுள்ளது. தொழில்சார் உடல்நலத்தைக் கற்பிக்கும் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் 1932ஆம் ஆண்டு தொட்டு அதே கொல்கத்தாவில்தான் இயங்கி வருகின்றது. சட்டமும் கல்வியும் நோயும் ஒரே நகரத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்க, ஆலையில் ஒருவர் தொழிலாளியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆளாக, நாள் கூலியாக, பத்துப் பேருக்கும் குறைந்த சிறு கூடத்தில் வேலை செய்பவரின் கைப்புண் எந்த அட்டவணைக்கும் வந்து சேராது.

உறங்கும் இடம்

2015ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அதிகாலை இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பெருக்கெடுத்த நச்சுச் சேறு அருகிலிருந்த தோல் ஆலைக்குள் புகுந்து, அங்கு உறங்கிக்கொண்டிருந்தவர்களை மூழ்கடித்தது. பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்.

வேலூர்த் தீர்ப்பினை ஒட்டி, பாலாற்றைக் காக்கவே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வற்புறுத்தப்பட்டன. ஆற்றுக்குச் செல்லாது தடுக்கப்பட்ட கழிவு எங்கேனும் தங்கியாக வேண்டும். அது தங்கிய தொட்டியின் மறுபுறம் மனிதர் உறங்கினர். கொல்கத்தாவில் ஆலையை நகரத்திலிருந்து அகற்றினர். இராணிப்பேட்டையில் கழிவை ஆற்றிலிருந்து அகற்றினர். இரண்டிலும் அகற்றப்பட்டது சென்று சேர்ந்த இடத்தில் இருந்தவர் தொழிலாளரே. வங்கத்திலிருந்து தமிழகத்துக்கு வேலை தேடி வந்தவரின் மரணத்தில் 1996ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகளும் அவற்றை எழுதியோர் எண்ணியிராத வகையில் ஒன்றையொன்று சந்தித்தன.

பணியிட வாழ்க்கைத் தரம் என்னும் தொடரை மேலாண்மை நூல்கள் ஓய்வறை, மனஅழுத்தம், பணிநேர நெகிழ்வு எனப் பலவாறு விளக்குகின்றன. அவை தேவையற்றவை அல்ல. ஆயின் ஆலைக்குள்ளேயே உறங்கும் தொழிலாளருக்கு வேலை நேரம் எப்போது முடிகின்றது என்பதை அவ்விளக்கங்கள் தொடுவதில்லை. எட்டு மணி நேர அளவில் வகுக்கப்பட்ட நச்சு வரம்புகள், வேலை முடிந்து வேறு காற்றுக்குச் செல்பவரைக் கருதி அமைந்தவை. அவ்வாலையில் உறங்கியவர் வேறு காற்றுக்குச் செல்லவில்லை.

'தோல்' காட்டிய உலகில் தொழிலாளரும் உரிமையாளரும் ஒரே ஊரினர், ஒரே மொழியினர். ஏசுவதும் இரப்பதும் எதிர்ப்பதும் தமிழிலேயே நிகழ்ந்தன. தேவாலயமும் சங்கமும் நீதிமன்றமும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. இன்று வடமாவட்டத் தோல் ஆலைகளுக்கு வரும் வங்கத் தொழிலாளருக்கு எச்சரிக்கைப் பலகையின் மொழியே அயல்மொழி. அவர்களுக்குள் வழங்கும் வேலைச் சொற்கள் யாவை, குழிக்கும் புண்ணுக்கும் அவர்கள் இடும் பெயர் என்ன, ஊருக்குப் பேசும்போது தம் உடலைப் பற்றி எதைச் சொல்லி எதை மறைக்கின்றனர் என்பன தமிழாய்வுக்குரிய களங்களே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொழிற்சொற்களைத் தொகுக்கும் மாணவர் தமது வினாநிரலில் வங்கமொழிக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டியிருக்கும்.